கிளி பேசிய பாஷை

துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் கிளி உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், சிவப்பு வால். கையில் துடைப்பத்தோடு எதிரே நின்ற பாஷ்கோவைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தது.

"அப்பா."

பாஷ்கோ பின்னால் திரும்பிப் பார்த்தார். அடித்தளத்தில் வேறு யாரும் இல்லை. நாலு சலவை இயந்திரங்கள், தெருமட்டத்தில் திறந்து கிடந்த ஒரு ஜன்னல், ஒற்றைச் சாக்ஸ் ஒன்று, அவர். அவ்வளவுதான்.

"அ...ப்பா," என்றது மறுபடியும். கிளிக் குரலே இல்லை அது. நாள் பூரா மூட்டை தூக்கிவிட்டு வந்த ஆண்பிள்ளையின் குரல். முதல் எழுத்தை இழுத்து, கடைசி எழுத்தைத் தரையில் தொப்பென்று போட்டது.

பாஷ்கோவுக்குத் தெரிந்த அல்பேனிய மொழியில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை. அவருக்குத் தெரிந்த பாஷைகள் அதோடு முடிந்தன.

நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் குழாய், கொதிகலன், குப்பை எல்லாவற்றையும் கவனிக்கிறவரை 'சூப்பர்' என்பார்கள். குவீன்ஸில், ரயில் தலைக்கு மேலே தடதடவென்று ஓடும் அந்தத் தெருவில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு பாஷ்கோ சூப்பர். மற்றபடி அவரிடம் சூப்பர் என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை. முழங்கால் போய்விட்டது. மனைவி, மகளின் பிரசவத்துக்காக ஊரின் மறுகோடி பிராங்ஸுக்குப் போனவள் பேரனை விட்டு வரமாட்டேன் என்கிறாள். லிஃப்ட் ஜனவரியில் நின்றது. சரிசெய்கிறவனுக்கு போன் செய்தால், "மொட்டை மாடிக்குப் போய் சிவப்புப் பட்டனை அமுக்குங்க, சரியாயிடும்" என்பான். பாஷ்கோவும் தினம் காலையில் ஏறிப்போய் அமுக்குவார். லிஃப்ட் ஒரு சாண் மேலே வந்து யோசிக்கும். அப்புறம் தூங்கிவிடும்.

பையில் போன் அடித்தது. நிர்வாக அலுவலகத்து ஹால்பர்ட்.

"பாஷ்கோ, சாயங்காலம் இன்ஷூரன்ஸ்காரரைக் கூட்டிட்டு வர்றேன். கட்டடம் பளிச்சுன்னு இருக்கணும்."

"சரி சார்."

"அப்பா," என்றது கிளி.

"யாரு அது?"

"கிளி சார்."

"அங்க பிராணி வளர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கா இல்லையா? யாரோடதுன்னு கண்டுபிடிச்சு அனுப்பு. நான் வரும்போது அது இருந்துச்சுன்னா, அதுக்கு மட்டும் இல்ல, உனக்கும் வேற இடம் பாக்க வேண்டியிருக்கும். போன மாசமே சொன்னேன், உனக்கு வயசாயிடுச்சுன்னு."

வேலை போனால் வேலையோடு வந்த வீடும் போகும். பாஷ்கோ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். கிளியைப் பிடித்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம்தான். ஆனால் அந்தக் குரல் அவரை என்னவோ செய்தது. யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷன் இந்தக் கட்டடத்தில் இருக்கிறான். அவனுக்குத் துணைக்கு இருப்பதே இந்தக் கிளிதானோ என்னவோ. அதையும் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆவான்?

வார்த்தை எந்த பாஷை என்று தெரிந்தால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அப்படித்தான் அவர் நினைத்தார்.

முதலில் வந்தவள் முதல் மாடி ஸ்மராண்டா. ருமேனியாக்காரி. துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், கிளி வாயைத் திறந்ததும் கூடையைக் கீழே போட்டாள்.

"ஐயோ பாவம், தண்ணி கேக்குது!"

"தண்ணியா?"

"எங்க ஊர்ல அப்பான்னா தண்ணி. கைக்குழந்தைகூடச் சொல்லும். நாக்கு வறண்டு போய் கெஞ்சுது, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, மனுஷனா நீங்க?"

"அப்ப கிளி உங்களோடதா?"

"எனக்கா? இறகு பட்டா எனக்குத் தும்மல் வரும். கிளி என்னோடது இல்ல. பாஷை எங்களோடது."

பாஷ்கோ ஒரு பேசின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இயந்திரத்தின் மேலே வைத்தார். கிளி ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. பேசினுக்குள் இறங்கி உட்கார்ந்து, இரண்டு இறக்கையையும் விரித்து, குளியல் என்றால் இதுதான் என்று காட்டியது. தண்ணீர் இயந்திரத்தின் முதுகுப்பக்கம் வழிந்தது. பட்டென்று ஒரு சத்தம். நீல வெளிச்சம். சலவை அறை இருண்டது. அதோடு படிக்கட்டு விளக்குகளும் போயின.

"அப்பா," என்றது கிளி இருட்டில்.

"இன்னும் தாகம் தீரல," என்றாள் ஸ்மராண்டா.

பாஷ்கோ டார்ச்சைத் தேடி எடுத்து, ஃபியூஸ் பெட்டியைத் திறந்தபோது, கேஸா வந்து, பாதியில் நின்ற இயந்திரத்திலிருந்து சோப்பு நுரை சொட்டும் தன் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். எழுபது தாண்டிய ஹங்கேரிக்காரர். ஓய்வு பெற்ற முடிதிருத்துபவர். சலவை பாதியில் நின்ற கோபம் மீசையில் துடித்தது.

"ஏன்யா பாஷ்கோ, லிஃப்ட்தான் இல்ல, வெளிச்சமுமா கிடையாது? வாடகை மட்டும்..."

"அப்பா," என்றது கிளி.

கேஸா சட்டையை நழுவவிட்டார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்னையா கூப்பிட்டே?" என்றார் கிளியிடம். குரல் உடைந்திருந்தது.

"தண்ணி கேக்குது," என்றாள் ஸ்மராண்டா.

"தண்ணியாவது வெந்நீராவது! அப்பான்னா தகப்பன். ஹங்கேரியில எவனைக் கேட்டாலும் சொல்லுவான். என் பையன் சிகாகோவுல இருக்கான். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் பண்ணல. வாய் இல்லாத ஜீவன் என்னைத் தேடி வந்து கூப்பிடுது பாரு."

"வாய் இருக்கறதுனாலதானே கூப்பிடுது?" என்றார் பாஷ்கோ. "அது உங்க கிளியா, அதைச் சொல்லுங்க."

"இதுவரைக்கும் இல்ல. இனிமே என் கிளி."

"அது எப்படி?" ஸ்மராண்டா இடுப்பில் கை வைத்தாள். "எங்க பாஷை பேசற கிளியை நீங்க எப்படி எடுத்துக்குவீங்க?"

"எங்க ஊரையே எடுத்துக்கிட்டவங்கதானே நீங்க? கிளியாவது எங்களுக்கு விடக்கூடாதா?"

"யாரு ஊரை யாரு எடுத்தா?"

ஹங்கேரிக்கும் ருமேனியாவுக்கும் நூறு வருஷத்துக்கு முந்திய எல்லைச் சண்டை ஒன்று டார்ச் வெளிச்சத்தில் புதிதாகத் தொடங்கியது. பாஷ்கோ நடுவில் நின்று, "எல்லை பிரச்சினையை அப்புறம் பாத்துக்கலாம், எனக்கு சாயங்காலத்துக்குள்ள ஆள் வேணும்," என்றார். யாரும் கேட்கவில்லை. கேஸா மட்டும் இடையில் ஒருமுறை நிறுத்தி, "ஆனா ஒண்ணு பாஷ்கோ, இதை வளத்தவன் கிழவனாத்தான் இருப்பான். எங்கப்பா சுரங்கத்துலேர்ந்து வீட்டுக்கு வரும்போது குரல் இப்படித்தான் இருக்கும்," என்றார்.

அந்த வார்த்தை பாஷ்கோவின் மனதில் ஒட்டிக்கொண்டது. சுரங்கத்திலிருந்து வருகிற கிழவன். கண்ணை மூடினால் ஆள் தெரிந்தார். வளைந்த முதுகு, ஒரு நாற்காலி, பேச யாருமில்லாத அறை.

சத்தம் கேட்டு மூன்றாவது மாடி சுகெங் இறங்கி வந்தான். இந்தோனேசியப் பையன். உணவகத்தில் சமையல், பகலில் தூங்குகிறவன். தலையணை மடிப்பு கன்னத்தில் அப்படியே இருந்தது.

"சுகெங், நீ சொல்லுடா. உங்க பாஷையில அப்பான்னா என்ன?"

"ஆமா பாஸ்."

"என்ன ஆமா?"

"அப்பான்னா என்ன."

"அதைத்தான்டா உன்னைக் கேக்குறேன்."

"அதைத்தான் பாஸ் நானும் சொல்றேன். என்ன."

"நான் கேட்டா நீ திருப்பி என்னையே கேக்குறியா?"

"நான் எங்க பாஸ் கேக்குறேன்? கிளி கேக்குது."

"கிளி என்ன கேக்குது?"

"கரெக்ட் பாஸ்."

பாஷ்கோ பெஞ்சில் கேஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சுகெங் தூக்கம் கலைந்து, கிளியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"பாஸ், இதுக்குக் காது கேக்கல. அதான் 'என்ன, என்ன'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. யாரும் சத்தமாப் பதில் சொல்லல போல. சத்தமாக் கேளுங்க, வீடு எதுன்னு அதுவே சொல்லிடும்."

அந்த நிலைமையில் அதுவும் அறிவாளித்தனமாகத்தான் பட்டது.

"உன் வீடு எங்க?" என்று கத்தினார் பாஷ்கோ.

"அப்பா."

"வீடு! வீடு!" என்று கத்தினான் சுகெங்.

"தண்ணி வேணுமா?" என்று ஸ்மராண்டா ருமேனிய மொழியில் கத்தினாள்.

"மகனே!" என்று கேஸா கத்தினார்.

போன் அடித்தது. பாஷ்கோ எடுத்ததும், ஹால்பர்ட் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. "... கிளம்பிட்டோம்... அது என்ன கூச்சல்? அங்க கூட்டமா?"

"இல்ல சார், கிளிக்குக் காது கேக்கல."

ஹால்பர்ட் போனை வைத்துவிட்டார்.

"எல்லாரும் வாயை மூடுங்க!"

கதவருகே இரண்டாவது மாடி மிஸஸ் பாங் நின்றிருந்தார். கொரியாக்காரர். பெரிய ஆஸ்பத்திரியில் வாழ்நாள் முழுக்க நர்ஸாக இருந்தவர். அவர் அதட்டினால் வலிகூட அடங்கும் என்பார்கள். நேராகக் கிளியிடம் வந்தார். கண்ணைப் பார்த்தார், காலைப் பார்த்தார், விரலால் மார்பைத் தடவிப் பார்த்தார்.

"அப்பா," என்றது கிளி.

மிஸஸ் பாங்கின் முகம் மாறியது.

"வலிக்குதுன்னு சொல்லுது."

"கிளிக்கு என்ன வலி?" என்றார் பாஷ்கோ.

"எங்க பாஷையில அப்பான்னா வலிக்குதுன்னு அர்த்தம். ஆனா இதுக்கு ஒரு வலியும் இல்ல, திடமா இருக்கு." அவர் நிமிர்ந்தார். "கிளி தானா எதுவும் பேசாது, மிஸ்டர் பாஷ்கோ. கேட்டதைத்தான் சொல்லும். யாரோ ஒருத்தர் தனியாக் கிடந்து தினமும் இதைச் சொல்லியிருக்காங்க. அவங்க எந்த ஊர்க்காரங்களா வேணா இருக்கட்டும். இந்தக் குரலை நான் வார்டுல ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். முடியாதவங்க குரல் இது. இப்ப கிளி வெளிய வந்துடுச்சுன்னா, உள்ள இருக்கிறவருக்கு என்ன ஆச்சு?"

ஸ்மராண்டா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதற்குமேல் யாரும் எந்த பாஷைக்கும் சண்டை போடவில்லை. கிளியைத் துணிக்கூடையில் வைத்து பாஷ்கோ தோளில் தூக்கிக்கொள்ள, இருட்டுப் படிக்கட்டில் டார்ச்சோடு ஐந்து பேரும் ஏறினார்கள். ஒவ்வொரு மாடியிலும் தனியாக இருப்பவர்களின் கதவைத் தட்டினார்கள். திறந்தவர்களுக்கு மிஸஸ் பாங் நாடி பிடித்துப் பார்த்தார். நல்ல உடம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு, அவர் பார்த்த பார்வையிலேயே நெஞ்சு அடைத்தது. வயதான யாரும் கிளி வளர்க்கவில்லை. யாரும் சாகவும் இல்லை.

ஆறாவது மாடியின் கடைசிப் படியில் பாஷ்கோ காலை வைத்தார். அவர் மூச்சு விடுவதற்குள் கூடைக்குள்ளிருந்து கிளி முந்திக்கொண்டது.

"அ...ப்பா."

"வீட்டை அடையாளம் கண்டுக்கிச்சு!" என்று சுகெங் கிசுகிசுத்தான்.

படிக்கட்டை ஒட்டியிருந்த கதவில் 'எம். ஜோசப்' என்று ஒட்டியிருந்தது. குளிர்காலத்தில், லிஃப்ட் நின்றதற்குப் பிறகு குடிவந்த ஆள். பாஷ்கோ வெளியூரில் இருந்த நாளாகப் பார்த்து சாமான் இறக்கியிருக்கிறார். வந்த உடனே பூட்டை மாற்றிக்கொண்டார். சாவி கேட்டு இரண்டு முறை துண்டுச்சீட்டு போட்டும் பதில் இல்லை. முகத்தைப் பார்த்ததே கிடையாது.

தட்டினார்கள். பதில் இல்லை. கேஸா கதவில் காதை வைத்தார்.

"உள்ள பேச்சுக்குரல் கேக்குது."

எல்லோரும் காதை வைத்தார்கள். மெல்லிய முணுமுணுப்பு. நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"மிஸ்டர் ஜோசப்!" பாஷ்கோ கதவில் ஓங்கி அடித்தார். "மிஸ்டர் ஜோசப், பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்!"

"ஜன்னி கண்டிருக்கு," என்றார் மிஸஸ் பாங். "தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுங்க."

பாஷ்கோ போனை எடுத்துக் கூப்பிட்டார். ஜனவரியிலிருந்து தினமும் இந்த வாசலைத் தாண்டித்தானே மொட்டை மாடிக்குப் போனேன், ஒருநாள் தட்டிக் கேட்டேனா என்று நினைத்தபோது, கண் கலங்கியது. முழங்கால் வலியைப் பற்றி ஊரெல்லாம் புலம்பத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் செத்துக்கொண்டிருந்தது தெரியவில்லை.

தீயணைப்புக்காரர்கள் பெரிய பூட்ஸ்களோடு ஏறி வந்து, லிஃப்டைப் பற்றி இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, கோடாலியை ஓங்கினார்கள். மூன்றாவது வெட்டில் கதவு விழுந்தது.

அதே நேரத்தில் படியில் ஒரு தலை தெரிந்தது. வியர்த்து, டை தளர்ந்து, கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி ஹால்பர்ட். அவருக்குக் கீழே நாலு படி தள்ளி, வாயைத் திறந்தபடி இன்ஷூரன்ஸ்காரர்.

ஹால்பர்ட் விழுந்த கதவைப் பார்த்தார். கோடாலியைப் பார்த்தார். பாஷ்கோவின் தோளிலிருந்த கூடையைப் பார்த்தார்.

"அப்பா," என்றது கிளி.

"சாவிக்கொத்தைக் குடு, பாஷ்கோ," என்றார் ஹால்பர்ட். குரலை உயர்த்தவே இல்லை.

பாஷ்கோ இடுப்பிலிருந்து கொத்தைக் கழற்றிக் கொடுத்தார். "குடுக்குறேன் சார். முதல்ல உள்ள இருக்கற மனுஷனைப் பாத்துடறேன்."

உள்ளே மனுஷன் இல்லை. திறந்த கூண்டு ஒன்று இருந்தது. கிண்ணத்தில் தீனி இருந்தது. ஒரு விரல் அளவுக்குத் திறந்துவைத்த ஜன்னலை யாரோ அலகால் தள்ளி முக்கால்வாசி திறந்திருந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டிருந்தது ரேடியோ. கட்டிலுக்கு அடியில் கேஸா குனிந்து பார்த்தார். பெண்பிள்ளைச் செருப்புகள்தான் இருந்தன. குளியலறையில் ஸ்மராண்டா பார்த்தாள். பூப்போட்ட துண்டு தொங்கியது.

"சம்சாரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றார் மிஸஸ் பாங் மெதுவாக.

பாஷ்கோ தொப்பியைக் கழற்றினார்.

வெளியே இன்ஷூரன்ஸ்காரருக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. "மிஸ்டர் ஹால்பர்ட். லிஃப்ட் எப்பலேர்ந்து ஓடல?"

"இப்பதான்... கொஞ்ச நாளா."

"ஜனவரி," என்றான் சுகெங்.

"தீயணைப்புக்காரங்க ஆறு மாடி நடந்து ஏறுற கட்டடத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? உள்ள நிஜமாவே ஒருத்தர் கிடந்திருந்தா?" அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "லிஃப்டை ஓட வைங்க. அப்புறம் பேசலாம். குடியிருக்கறவங்களைக் கவனிக்கிற ஒரே ஆள் இவருதான் போல, இவரையும் அனுப்பறீங்களா?"

ஹால்பர்ட் சாவிக்கொத்தைக் கையில் உருட்டினார். அப்புறம் அது சுடுவது போல பாஷ்கோவிடம் திருப்பிக் கொடுத்தார். "அந்த லிஃப்ட்காரன் நம்பரைக் குடு. நான் பேசறேன்."

அப்போது கீழேயிருந்து பெட்டியின் சக்கரங்கள் படிப்படியாக இடித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. தலையில் மஞ்சள் துணி கட்டிய உயரமான பெண்ணொருத்தி மேலே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். தன் கதவு தரையில் கிடப்பதைப் பார்த்தாள்.

"யேசுவே! யாரு என் வீட்டை உடைச்சது? ரெண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள..."

"நீங்க?"

"மார்வா ஜோசப். டிரினிடாட். வாடகை ஒழுங்காத்தானே குடுக்குறேன்?" கூடையிலிருந்த கிளியைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "ஐயோ. கண்டுபிடிச்சிட்டீங்களா? சரி, விதி தெரியும், தப்புதான். இதுக்காகத்தான் பூட்டை மாத்தினேன், யாரையும் உள்ள விடல. ஆனா அதுக்குன்னு கோடாலியா?"

"அம்மா, அதை விடுங்க," என்றார் பாஷ்கோ. "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? எந்த ஆஸ்பத்திரி?"

"எனக்கு ஏது வீட்டுக்காரர்?"

"அப்ப உங்க தகப்பனாரா?" என்றார் கேஸா.

"நான் தனி ஆளுங்க. நானும் கிளியும்தான்."

"அப்ப இதுக்கு அந்த வார்த்தையை யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் மிஸஸ் பாங். ஸ்மராண்டா, "தண்ணிதானே?" என்றாள். கேஸா, "தகப்பன்தானே?" என்றார். சுகெங், "என்னதானே?" என்றான்.

"நான் சொல்லிக் குடுக்கல. வாங்கும்போது இது ஊமை. இங்க வந்து ஒரு மாசத்துல தானா பிடிச்சுக்கிச்சு."

"யார்கிட்டேர்ந்து?" பாஷ்கோ அவள் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகக் கேட்டார். "சொல்லுங்கம்மா. இந்தக் கட்டடத்துல ரொம்ப முடியாத மனுஷன் ஒருத்தர் இருக்காரு. காலையிலேர்ந்து அவரைத்தான் தேடுறோம். அவர் யாரு, எந்த ஊரு, அது எந்த பாஷைன்னு மட்டும் சொல்லுங்க. நானே அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

மார்வா கிளியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள்.

"அது பாஷையே இல்ல, மிஸ்டர் பாஷ்கோ. தினமும் காலையில நீங்க ஆறு மாடி ஏறி வந்து, என் கதவுல சாஞ்சு நின்னு விடுற மூச்சுதான் அது."